கேசட் கடை மூடியாச்சு

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்த கேசட் கடையை மூடிவிட்டார்கள். போன வாரம் பார்த்தால் ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது. வயிறு எரிகிறது.

வீடியோ கேசட், அப்புறம் சிடி, டிவிடி என்று எல்லாவற்றையும் பார்த்த கடை. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி நீள நோட்டில் பேரை எழுதிக்கொண்டே, "ஏல, ரீவைண்ட் பண்ணிக் கொண்டா" என்பார். படம் கோடு கோடாக ஓடினால் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் (கேசட்டைப் போட்டுப் பார்க்கும் வீசிஆர் பெட்டிதான்) ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கிற பாகத்தை, துடைக்கக் கற்றுத் தந்ததும் அவர்தான். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பிடித்த கேசட்டைத் தரவே மாட்டார், டெக்கும் சேர்ந்து கெட்டுவிடும் என்று.

கடைசியாக வீசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது. சரி, கேசட் போகட்டும். இப்போது மூன்று ஆப்புக்குச் சந்தா கட்டுகிறேன். அம்மா கேட்கிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றிலும் இல்லை. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் காணோம். யாரிடம் போய்க் கேட்பது? அண்ணாச்சியிடம் பாதிக் கதை சொன்னால் போதும், மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டாராம், பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வாங்கியிருப்பேனே அண்ணாச்சி.