இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை

வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசினால் பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகும், ஒரு மொழியை நிறுத்திவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்காது. குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இப்படித்தானே வளர்கிறார்கள்! குழப்பம் சொற்களை எண்ணுவதில்தான் வருகிறது. மலையாளம் பேசும் அம்மூம்மாவிடம் (பாட்டியிடம்) ‘பூச்ச’ என்றும் அப்பாவிடம் ‘பூனை’ என்றும் சொல்கிற பிள்ளைக்கு அவை இரண்டு சொற்கள். தமிழில் 28 சொல், மலையாளத்தில் 25 சொல் என்றால் மொத்தம் 53. தமிழை மட்டும் எண்ணினால் பிள்ளை பின்தங்கியதுபோலத் தோன்றும்.

நீங்களே சரிபார்க்கலாம். அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள், எந்த மொழியானாலும் சரி. இரண்டு வயதில் மொத்தம் 50 சொல்லாவது வேண்டும். ‘பால் தா’ என்பதுபோல இரண்டு சொல் சேர்ந்தும் வரவேண்டும். அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் இணையதளத்தில் பெற்றோருக்கான பகுதியைப் பாருங்கள், இரண்டு மொழி பற்றி இதையே சொல்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்தும் குறைவு என்றால் காரணம் வேறு. காத்திருக்காமல் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள், அப்புறம் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.