கடனுக்குப் பந்தயம் கட்டவிட்டவர்

பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானியின் பணத்தை அவருடைய மொழிபெயர்ப்பாளரே திருடிய கதை 2024 மார்ச்சில் வெடித்தபோது எல்லோரும் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் ஓட்டானி. இன்னொருவர் எந்நேரமும் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவரையே சுரண்டிய இப்பெய் மிசுஹாரா. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆளுக்குச் செய்திகளில் ஓரிரண்டு வரிகளே கிடைத்தன. அவர் பெயர் மேத்யூ போயர். தெற்குக் கலிபோர்னியாவில் சட்டவிரோதமாக விளையாட்டுப் பந்தயம் நடத்தியவர். மூவரில் எனக்குப் பேசத் தோன்றுவது இவரைப் பற்றித்தான். இவர் மேல் எனக்கு எந்த அனுதாபமும் கிடையாது. ஆனால் இந்தத் தொழில் எப்படிப் பெருகுகிறது, எங்கே உடைகிறது என்பதை இவரைப் போல அப்பட்டமாகக் காட்டியவர்கள் குறைவு. இவர் விற்ற சரக்கு பந்தயம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் இவர் விற்றது கடன்.

சூதாட்டத் தரகர் என்றதும் அடியாட்களையும் கத்தை கத்தையான நோட்டுகளையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். போயரின் இணையதளமும் அழைப்பு மையமும் மத்திய அமெரிக்காவில், கோஸ்டா ரிக்காவில் இருந்தன. இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு தளத்துக்கு, வாடிக்கையாளர் தலைக்கு வாரம் இவ்வளவு என்று கட்டணம் கட்டிவிட்டால் போதும். விகிதங்களை அது நிர்ணயிக்கும், பந்தயங்களைப் பதிவு செய்யும், யார் எவ்வளவு தோற்றார், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வாரக் கணக்கையும் கொடுத்துவிடும். தரகருக்கு மிச்சமிருப்பது ஆள் பிடிப்பதும் பாக்கி வசூலிப்பதும்தான். போயர் அதற்கு முகவர்களையும் துணை முகவர்களையும் வைத்திருந்தார். அவர்களில் சிலர் லாஸ் வேகாஸ் கேசினோக்களில் பெரிய புள்ளிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருந்தவர்கள். யாரிடம் பணம் இருக்கிறது, அவர்களில் யாருக்குக் கை அரிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு கட்டத்தில் 700 பேருக்கு மேல் அவரிடம் பந்தயம் கட்டினார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இது ஓடியது.

பந்தயத் தரகரின் வருமானத்துக்கு அதிர்ஷ்டம் அவ்வளவாகத் தேவையில்லை. அமெரிக்காவில் வழக்கமான பந்தயம் 110 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம் என்ற விகிதத்தில் இருக்கும். ஓர் ஆட்டத்தில் இரு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால், தோற்றவரிடம் 110 வாங்கி ஜெயித்தவருக்கு 100 கொடுத்துவிட்டு, 10 டாலரைத் தரகர் பையில் போட்டுக்கொள்வார். மொத்தப் பந்தயத் தொகையில் ஏறத்தாழ நாலரை சதவீதம். கட்டுபவரோ 100 பந்தயங்களில் 53-லாவது ஜெயித்தால்தான் கைக்காசு கரையாமல் தப்புவார். அது சுலபம் என்று நினைப்பவர்கள் இருக்கும்வரை இந்தக் கடைக்கு வாடிக்கை குறையாது.

ஆனால் இதே நாலரை சதவீதம் சட்டப்படி நடக்கும் பந்தய நிறுவனங்களுக்கும் கிடைக்கிறது. அவர்களுக்கு விளம்பரம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, கைப்பேசிச் செயலி இருக்கிறது. பிறகு ஏன் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பான தரகரிடம் போக வேண்டும்?

கலிபோர்னியாவில் சட்டப்படி வழி இல்லை, அதனால்தான் என்று உடனே பதில் வரும். உண்மைதான். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதிருந்த மத்திய அரசுத் தடைச்சட்டத்தை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. மற்ற மாநிலங்கள் வரிசையாக அனுமதித்தபோது கலிபோர்னியா வாக்காளர்கள் 2022 நவம்பரில் பந்தயத்தை அனுமதிக்கக் கோரித் தங்கள் முன் வந்த இரண்டு முன்மொழிவுகளையும் தோற்கடித்தார்கள். தடை இருப்பதால்தான் போயர்கள் பிழைக்கிறார்கள், அனுமதித்துவிட்டால் தானாக ஒழிந்துபோவார்கள் என்று பந்தய நிறுவனங்களின் பக்கம் நிற்பவர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. உரிமம் பெற்ற செயலியில் பந்தயம் கட்ட வேண்டுமானால் முதலில் பணம் போட வேண்டும். பணம் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. யார் நீ, எங்கிருக்கிறாய் என்று அது கேட்கும். பெரிய தொகை ஜெயித்தால் வரித்துறைக்குத் தகவல் போகும். தரகரிடம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு கடன் வரம்பு. கையில் ஒரு டாலர்கூட இல்லாமல் திங்கள் முதல் ஞாயிறு வரை விளையாடலாம். வாரம் முடிந்த பிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இதைவிட இனிப்பான ஏற்பாடு வேறு கிடையாது. தோற்றதை உடனே கொடுக்க வேண்டாம், அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்ற நினைப்பிலேயே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். தடையை நீக்கினாலும் இந்த வசதி தரும் ஆளுக்குத் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

மிசுஹாரா அதற்கு நேரடிச் சான்று. அவர் ஆண்டுக்குச் சில லட்சம் டாலர் சம்பளம் வாங்கியவர். 2021 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை அவர் கட்டிய பந்தயங்கள் சுமார் 19,000 என்கிறது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு ஆவணம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து! சில பந்தயங்கள் பத்து டாலருக்கு, சில 1,60,000 டாலருக்கு. சராசரி சுமார் 12,800 டாலர். ஜெயித்தது 14.2 கோடி டாலருக்கு மேல், தோற்றது சுமார் 18.3 கோடி டாலர், நிகர நட்டம் 4 கோடியே 7 லட்சம் டாலர். பேஸ்பாலில் அவர் பந்தயம் கட்டியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். 19,000 பந்தயம், சராசரி 12,800 என்றால் மொத்தப் பந்தயத் தொகை சுமார் 24 கோடி டாலர். நாலரை சதவீதம் என்று வைத்தால் தரகருக்குச் சேர வேண்டியது ஒரு கோடியே சொச்சம். மிசுஹாரா இழந்ததோ அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இப்படியொரு வாடிக்கையாளர் கிடைத்தால் எந்தத் தரகரும் கைவிட மாட்டார். வரம்பை உயர்த்திக்கொண்டே போவார். அதுதான் நடந்தது. வரம்பை இன்னும் ஒருமுறை ஏற்றித் தரும்படி கெஞ்சும் குறுஞ்செய்திகள் அந்த ஆவணத்தில் வரிசையாக இருக்கின்றன. இதுதான் கடைசி, அம்மாமேல் ஆணை என்றுகூட ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆணை எந்த மொழியில் இட்டாலும் சூதாட்டக்காரனின் ஆணைக்கு ஆயுள் ஒரு வாரம்தான் போலும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மிசுஹாரா தோற்றது 4 கோடி டாலருக்கு மேல். ஓட்டானியின் கணக்கிலிருந்து திருடப்பட்டது ஏறத்தாழ 1.7 கோடி. அதாவது போயர் தரப்பு ஜெயித்ததாகக் காட்டிய தொகையில் பாதிகூட இந்த வழியில் வந்து சேரவில்லை. மிச்சமெல்லாம் ஏட்டில் இருந்த பாக்கி. நீதிமன்றத்துக்குப் போய் வசூலிக்க முடியாத பாக்கி. சட்டவிரோதத் தரகரின் பணக்காரத்தனம் பெரும்பாலும் இந்த வகைதான். கொடுக்க வேண்டியவர் கொடுத்தால் உண்டு. அதனால் கடனாளியைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. வசூலுக்கு வரும் பணம் யாருடையது, எப்படி வந்தது என்று கேட்கும் நிலையும் இல்லை. வந்தால் சரி.

வந்த பணம் நோட்டாக வந்திருந்தால் ஒருவேளை இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இவ்வளவு பெரிய தொகையை நோட்டாக யாரால் கொண்டுவர முடியும்? மிசுஹாரா வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, தானே ஓட்டானி என்று சொல்லி, வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினார். கணக்கோடு இணைந்த தொடர்பு விவரங்களைத் தன்னிடம் வரும்படி ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தார். போயரின் கூட்டாளி ஒருவரின் கணக்குக்குப் பணம் போனது. 2023 செப்டம்பரிலும் அக்டோபரிலும் தலா 5 லட்சம் டாலர், அனுப்புநர் பெயர் ஷோஹெய் ஓட்டானி, விவரம் என்ற இடத்தில் 'கடன்'. உலகமே அறிந்த பெயரைத் தாங்கிய அந்தத் தடயம் ஒரு சட்டவிரோதத் தொழிலின் வரவுக் கணக்கில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த பிறகும் தரகருக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். சந்தேகப்பட அவருக்கு வசதி இல்லை என்பதே என் எண்ணம்.

2023 அக்டோபரில் கூட்டாட்சி அதிகாரிகள் போயரின் சான் ஹுவான் கேபிஸ்ட்ரானோ வீட்டில் சோதனை நடத்தினார்கள். மற்றவர்களாக இருந்தால் அன்றோடு கடையைக் கட்டிவிட்டு வழக்கறிஞர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள். ஆனால் அடுத்த மாதம் 17-ஆம் தேதி மிசுஹாராவுக்குத் தரகரிடமிருந்து ஒரு செய்தி போகிறது. நான் நியூபோர்ட் பீச்சில் இருக்கிறேன், அவர் நாயோடு நடந்துபோவது தெரிகிறது, நீ பதில் சொல்லாததால் உன்னை எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே போய்க் கேட்கப்போகிறேன் என்பது அதன் சாரம். 'அவர்' என்பது ஓட்டானி. அந்தச் செய்தியைப் படித்த பலரும் இதை மிரட்டலாகப் பார்த்தார்கள். மிரட்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் அதிகாரிகள் புகுந்து ஒரு மாதம் கடந்த பிறகும் பாக்கியின் பின்னால் தெருவில் அலைந்துகொண்டிருக்கும் ஒரு தரகரையும் நான் அதில் பார்க்கிறேன். பணம் அதற்குப் பிறகும், 2024 ஜனவரி வரை, வந்துகொண்டிருந்தது.

அந்தப் பணத்தையாவது போயர் சேர்த்து வைத்தாரா என்றால், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊரையெல்லாம் பந்தயம் கட்டவைத்தவர் லாஸ் வேகாஸ் கேசினோ மேசைகளில் தானே மில்லியன் கணக்கில் தோற்றார். ஓட்டானி மட்டையாலும் கையாலும் சம்பாதித்தது மிசுஹாராவின் விரல் வழியே போயரிடம் போய், போயரின் விரல் வழியே முழு உரிமத்தோடு நடக்கும் கேசினோவுக்குப் போய்ச் சேர்ந்தது. பயணத்தின் கடைசி நிறுத்தம் சட்டபூர்வமானது!

கேசினோக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியாது என்று நெவாடா மாநிலச் சூதாட்ட ஆணையம் நினைக்கவில்லை. போயர் உள்ளிட்ட சட்டவிரோதத் தரகர்களை ஆடவிட்டு, பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் இருந்ததற்காக ரிசார்ட்ஸ் வேர்ல்ட் லாஸ் வேகாஸ் என்ற கேசினோ மீது 2025 மார்ச்சில் 1.05 கோடி டாலர் அபராதம் விதித்தது. இது ஒரே ஒரு வீட்டுக் கதையும் அல்ல. அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்காட் சிபெல்லா, அதற்கு முன்பு எம்ஜிஎம் கிராண்ட் கேசினோவை நடத்தியபோது வெய்ன் நிக்ஸ் என்ற இன்னொரு சட்டவிரோதத் தரகரைக் கண்டும் காணாமல் விட்ட வழக்கில் 2024 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை.

போயர் 2024 ஆகஸ்ட் 9 அன்று சாண்டா அனா நீதிமன்றத்தில் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டார். சட்டவிரோதச் சூதாட்டத் தொழில் நடத்தியது, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியது, பொய்யான வரிக் கணக்குக் கொடுத்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் வருமானத்தை மறைத்திருந்தார். மூன்றுக்கும் சேர்த்து உச்சபட்சத் தண்டனை 18 ஆண்டுகள். விசாரணைக்கு ஒத்துழைத்ததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு 2025 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு வந்தது. 12 மாதங்களும் ஒரு நாளும் சிறை, அதோடு சுமார் 16 லட்சம் டாலர் வரிப் பாக்கி. அதே ஆண்டு பிப்ரவரியில் மிசுஹாராவுக்குக் கிடைத்தது 57 மாதங்கள்.

திருடியவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே தண்டனை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மிசுஹாரா நம்பிக்கைத் துரோகம் செய்தார், வங்கியை ஏமாற்றினார், அது கனமான குற்றம். ஆனால் 19,000 பந்தயங்களுக்கும் கடன் கொடுத்து உட்காரவைத்தது யார் என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. போயர் மீதான மூன்று குற்றங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். கட்ட முடியாத ஒருவருக்குக் கடனை ஏற்றிக்கொண்டே போனது அவற்றில் ஒன்றாகக்கூட இல்லை.

தீர்ப்பில் அந்த ஒரு நாள் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறையில் ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவருக்குத்தான் நன்னடத்தைக் கழிவு உண்டு. ஆண்டுக்கு 54 நாட்கள் வரை அது கிடைக்கும். சரியாக 12 மாதங்கள் என்று எழுதியிருந்தால் முழுவதையும் கழித்தாக வேண்டும். ஒரு நாள் கூட்டி எழுதியதால் போயர் முன்னதாகவே வெளியே வர வழி பிறந்தது.