தலையில் எண்ணெய், குழாயில் ஐஸ்

ஊரே கோடை வந்துவிட்டது என்று குதிக்கிறது, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரஷ்யாவின் கசான் நகரில் எங்கள் ஐந்து மாடிக் கட்டட வாசலில் மறுபடியும் அந்தச் சீட்டு: ஜூனில் 14 நாள் வெந்நீர் கிடையாது. பேட்டைக்கே சேர்த்து ஓரிடத்தில் காய்ச்சிக் குழாயில் அனுப்புகிற ஊர் இது. பனிக்காலத்தில் குழாய் வெடிக்கக் கூடாதென்று கோடையில் அடைத்துவிட்டு அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். நியாயம்தான். சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெயோடு நிற்பவனிடம் போய் நியாயம் பேசினால்?

குழாயைத் திறந்தால் தண்ணீரா வருகிறது, ஊசி! கெட்டிலில் ஒன்றரை லிட்டர், சாம்பார் சட்டியில் மூன்று லிட்டர் கொதிக்க வைத்து, பேசினில் விளாவி, சொம்பு இல்லாததால் காபி மக்கால் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். சீயக்காய் பாதி காதுக்குள். எண்ணெய் பாதி அப்படியே தலையில்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் புலம்பினால், "பான்யாவுக்குப் போயேன், சினோக்" என்கிறார். சினோக் என்றால் மகனே; பான்யா என்றால் ரஷ்ய நீராவிக் குளியலகம். அங்கே நீராவி அறையில் உட்கார வைத்து பிர்ச் மர இலைக்கட்டால் முதுகில் சாத்துவார்கள். குளிக்கப் போய் அடி வாங்கவா? பாட்டிக்கென்ன, தக்காளி நாற்றும் வாளியுமாகத் தன் தோட்டவீட்டுக்கு ரயிலேறிவிடுவார்.

இன்னும் 11 நாள் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீசுக்குத் தொப்பியோடுதான் போகணும்.