ஓசோன் ஓட்டை என்ன ஆச்சு? பாலாறு என்ன ஆச்சு?

"அப்போ ஓசோன்ல ஓட்டைன்னு எவ்வளவு பயமுறுத்துனாங்க, இப்போ யாராவது அதைப் பத்திப் பேசுறாங்களா?" பருவநிலை மாற்றம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என் அக்கா மகனும் கேட்டான். "உங்க காலத்துலயும் உலகம் அழியப் போகுதுன்னாங்க, அழியலையே மாமா." அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கேள்வி நிறைய பேருடைய உழைப்பை ஒரே வரியில் இல்லாமல் ஆக்குகிறது, அது எனக்குத் தாங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, வினாடி வினா என்று எதை எடுத்தாலும், சூரியனின் புற ஊதாக் கதிரை மேலேயே தடுக்கிற ஓசோன் படலம்தான். பிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை வெளியே விடும், அந்தக் குளோரின் ஓசோனைத் தின்றுகொண்டே இருக்கும் என்று மொலினா, ரோலண்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974லேயே எழுதிவிட்டார்கள். 1985ல் அண்டார்டிகாவில் ஹாலி ஆய்வு நிலையத்தில் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்த ஜோ ஃபார்மன் குழு, அங்கே வசந்த காலத்தில் ஓசோன் மளமளவென்று குறைவதைக் கண்டு சொன்னது. இரண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு ஆபத்தைக் கண்ணால் பார்த்து இரண்டே வருஷத்தில் உலக நாடுகள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன என்பதை இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இந்தியா அப்போது கையெழுத்துப் போடவில்லை. போடாததில் நியாயம் இருந்தது. பல வருஷமாக வாயுவை மேலே அனுப்பியவை பணக்கார நாடுகள், எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் பிரிட்ஜே வருகிறது, மாற்று வாயுவுக்கும் அதன் தொழில்நுட்பத்துக்கும் யார் காசு கொடுப்பது என்று நம் அரசு கேட்டது. அந்தக் கேள்விக்கு 1990ல் லண்டன் கூட்டத்தில் பதில் கிடைத்தது. வளரும் நாடுகளின் செலவுக்காகத் தனியாக ஒரு நிதி அமைத்தார்கள். இந்தியா 1992ல் சேர்ந்தது. நம் மேட்டூரிலும் சிஎஃப்சி தயாராகிக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாட்டில் இதைத் தயாரித்த ஆலைகள் படிப்படியாக நிறுத்துவதற்கு 1999ல் அந்த நிதியிலிருந்து 8.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2010க்குள் மொத்தமாக நிறுத்த வேண்டும் என்று தேதியும் போட்டார்கள், நிறுத்தியும் காட்டினோம். பழைய பிரிட்ஜ் கதவில் 'சிஎஃப்சி ஃப்ரீ' என்று பச்சையாக ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்களே, அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

இப்போது ஓசோன் தேறி வருகிறது. இதே போக்கில் போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது ஐநா ஆதரவில் விஞ்ஞானிகள் 2022ல் செய்த மதிப்பீடு. அதாவது, அன்றைக்கே கையை வைத்தும் முழுசாக ஆற எண்பது வருஷம். ஒன்றும் நடக்காமல் போனதற்குக் காரணம், நடக்கவிடாமல் தடுத்தார்கள்.

எல்லாப் பயமும் பலித்தது என்று சொல்ல வரவில்லை. 2000க்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்றும் அப்போது பேசினார்கள், தீரவில்லை. அதே பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை, அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற விஷம். நாடு முழுக்க 2000ல்தான் அதை நிறுத்தினார்கள்.

சரி, இப்போது எங்கள் ஊர்க் கதை.

நான் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பெரியவர்களுக்கு ஓசோன் தெரியாது, பாலாறு தெரியும். அப்பா காலத்து டேனரியில், அதாவது தோல் பதம் பண்ணும் ஆலையில், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைப்பார்கள். நாற்றம் இருந்தது, கழிவும் இருந்தது, ஆனால் கிணறு கெடவில்லை என்று சொல்வார்கள். எழுபதுகளில் அரை பதம் பண்ணிய தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுசாகப் பதம் பண்ணி அனுப்பு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்றது. ஊரெல்லாம் பட்டைக்குப் பதில் குரோமிய ரசாயனம் போட்டுப் பதம் பண்ணும் குரோம் முறைக்கு மாறியது. வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அதோடு உப்பு வேறு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் வரும், ஊறவைக்கிற முதல் தொட்டியிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வாய்க்கால், ஏரி, கடைசியில் ஆறு. பாலாறோ வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல், அடித்துக்கொண்டு போக வெள்ளம் கிடையாது. விட்டதெல்லாம் மணல் வழியாகக் கீழே இறங்கிக் கிணற்றுக்கு வந்தது.

தண்ணீர் கெட்டதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுப் பெண்கள். பால் காய்ச்சினால் திரிந்துபோனது. பருப்பு வேக மறுத்தது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தென்னையில் காய் சிறுத்தது, இளநீர் கரித்தது. வெயில் ஏற ஏற வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது, கையால் வழித்தால் உப்பு. நெல் போட்டவர்கள் நிலத்தைச் சும்மா போட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் அதே டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போனார்கள். அதனால்தான் இந்தப் பிரச்சினையில் எங்கள் பக்கம் யாராலும் வாயைத் திறந்து கத்த முடியவில்லை. சோறு போடுவதும் அது, தண்ணீரைக் கெடுத்ததும் அது. மூடு என்று சொல்ல எனக்கும் மனசு வராது.

இவ்வளவுக்கும் எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்கிற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக நிலைபெற்றது எங்கள் பாலாற்று வழக்கால்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பல வருஷம் உப்பை மட்டும் அவற்றால் எடுக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்து, பிறகு மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலைபோலக் கிடந்தது, மழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் மஞ்சளாக ஓடும். அதே ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி கடைசியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் சேறு கொட்டி 10 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். இப்போதும் நல்ல மழை வந்தால் மாராப்பட்டு பக்கம் பாலாற்றில் நுரை பொங்கி வரும், எல்லாரும் செல்போனில் படம் எடுப்போம். 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது: இழப்பீடு கிடைக்காமல் விடுபட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் அரசே அதைக் கொடு, கெடுத்தவர்களிடம் அந்தக் காசை வசூல் பண்ணு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு போடு. வழக்குப் போட்டு முப்பத்து நாலு வருஷம் கழித்து!

அக்கா மகனிடம் நான் சொன்னது இதைத்தான். ரெண்டும் ஒரே காலத்துப் பயம். ஓசோன் விஷயத்தில் சிஎஃப்சிக்கு மாற்று வாயு கிடைத்தது, தயாரிக்கிற கம்பெனிகள் கொஞ்சம்தான், எப்போது நிறுத்த வேண்டும் என்று தேதி இருந்தது, யார் காசு என்பது முடிவாகியிருந்தது, வருஷா வருஷம் அளந்து ஊரறியச் சொன்னார்கள். பாலாற்றில் நூற்றுக்கணக்கான சின்ன டேனரிகள், கூலிக்குத் தோல் பதம் பண்ணுகிறவன் தலையில் செலவு, அந்தத் தோலை ஷூவாக வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி கணக்கிலேயே வரவில்லை. அளந்த எண் எந்த ஆபீஸ் பைலிலோ கிடக்கிறது, கிணற்றுக்காரனுக்குத் தெரியாது.

முதலில் அந்த எண் எங்களுக்கு வேண்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தரக் கணக்கு. எந்தக் கிணற்றில் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று மாதா மாதம் எடுத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட வேண்டும். வருகிற கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவர்கள் அவரவர் ஊர் கிராமசபையிலும் இதையே வையுங்கள், தீர்மானத்தின் வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.