கொல்லப்பட்ட பிறகும் அவளுக்குக் கள்ளத்தொடர்பா?

நிஜக் கொலைகாரர்களின் கதையைச் சொல்லும் 'மான்ஸ்டர்' தொடர் வரிசையில் மூன்றாவதாக, அமெரிக்கக் கொலைகாரன் எட் கீன் கதை 2025 அக்டோபர் 3 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மொத்தம் 8 எபிசோடு. அன்று ராத்திரியிலிருந்தே என் டைம்லைன் முழுக்க அதே பேச்சு. 'ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன்', 'சார்லி ஹன்னம் மிரட்டிட்டாரு', 'அம்மா அப்படி வளர்த்தா புள்ள வேற எப்படி வரும், பாவம்யா அவன்.' எழுதியவர்களில் பாதிப் பேர் எங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துத் தம்பிகள். நானும் பார்த்துவிட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கதையைச் சொல்லித்தான் பேசப்போகிறேன்.

கீனாக வரும் சார்லி ஹன்னம் நடிப்பில் எனக்கும் குறை இல்லை. அம்மா அகஸ்டாவாக வரும் லாரி மெட்காஃப் வாயைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு ஆறாதது பெர்னிஸ் வொர்டன் விஷயம்தான்.

யார் இந்த வொர்டன்? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெய்ன்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை நடத்தியவர். 58 வயது. 1957 நவம்பர் 16, மான் வேட்டை சீசனின் முதல் நாள். ஊர் ஆண்கள் பெரும்பாலும் காட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த அம்மா மட்டும் கடையைத் திறந்து வைத்திருந்தார். அவர் மகன் ஃபிராங்க் துணை ஷெரீஃப், அதாவது உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி, அவரும் வேட்டைக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கடையில் ஆள் இல்லை, தரையில் ரத்தம். அந்த அம்மா கடைசியாக எழுதிய பில் மட்டும் இருந்தது. குளிரில் வண்டி ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸுக்கான பில். முந்தின நாள் கடைக்கு வந்த கீன், மறுநாள் அதை வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது மகனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரியே அவன் பிடிபட்டான். யோசித்துப் பாருங்கள், தன்னைக் கொன்றவனைப் பிடித்துக் கொடுத்ததே அந்த அம்மா தன் கையால் எழுதிய பில்தான். ஒரு நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

தொடர் எடுத்தவர்களுக்கு இது போதவில்லை. வொர்டனுக்கும் கீனுக்கும் படுக்கை உறவு இருந்ததாகக் காட்சி வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்த அம்மா இப்போது வந்து மறுக்கவும் முடியாது.

இதைக் கேள்வி கேட்ட பதிவு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மாறாக 'அந்தம்மாவும் சும்மா இல்ல போல' என்று ஒரு கமென்ட். அதற்குக் கீழே சிரிப்பு எமோஜி வரிசையாக.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் பகுதியில் ஒரு பெண் கொலையானால் ஆம்புலன்ஸ் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே தெருவில் பேச்சு கிளம்பிவிடும். 'ஒண்ணுமே இல்லாமலா அவன் வெட்டியிருப்பான்?', 'போன்ல பேசிக்கிட்டே இருப்பாளே.' செத்தவளின் அம்மா மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தெருப் பேச்சைத்தான் இப்போது நல்ல கேமரா, நல்ல இசை வைத்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஹார்டுவேர் கடையும் ஒரு அக்கா நடத்துவதுதான். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறார். பைப் வாஷர் கேட்டால் சைஸ் சொல்வதற்கு முன்பே டப்பாவில் விரலை விட்டுச் சரியானதை எடுப்பார். பில்லைக் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவார், அடித்தாளிலும் எழுத்து பளிச்சென்று விழும். குடித்துவிட்டு வந்து கடன் கேட்பவனையும், சாமான் வாங்காமல் சும்மா நின்று பேச்சுக் கொடுப்பவனையும் சிரித்த முகத்தோடு அனுப்பத் தெரிந்தவர். கடை நடத்தும் பெண் எல்லோரிடமும் பேசித்தான் ஆகவேண்டும். அந்தப் பேச்சை எடுத்துத் தொடர்பு என்று கதை கட்டினால் நாளைக்கு எந்தப் பெண் கல்லாவில் உட்காருவாள்?

கீனிடம் சிக்கிய இன்னொருத்தர் மேரி ஹோகன். சாராயக்கடை நடத்தியவர், 1954 டிசம்பரில் காணாமல் போனார். அவரையும் தானே கொன்றதாகக் கீன் ஒப்புக்கொண்டான். ஆனால் 1968-இல் வழக்கு நடந்தபோது வொர்டன் கொலையை மட்டுமே விசாரித்தார்கள், இரண்டையும் நடத்தினால் செலவு தாங்காது என்று. மேரி ஹோகனுக்குக் கோர்ட்டே நடக்கவில்லை. எட்டு எபிசோடு எடுக்கப் பணம் இருந்தவர்கள் இந்த அநியாயத்தைச் சுற்றி ஒரு எபிசோடாவது எடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கடைசி எபிசோடில் கொலைகாரனுக்குக் கிட்டத்தட்ட ஒரு வழியனுப்பு விழா நடத்துகிறார்கள். அதற்குத்தான் 'கண் கலங்கிடுச்சு' என்று எழுதுகிறீர்கள்.

2022-இல் இதே வரிசையில் டாமர் என்ற தொடர் கொலைகாரனின் கதை வந்தபோதும் இப்படித்தான். கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி கோர்ட்டில் கதறியதை அப்படியே நடித்துக் காட்டினார்கள். தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று வருடம் கழித்தும் அதே பாதைதான். இந்த முறை கதையில் வருபவர்கள் பழைய காலத்து ஆட்கள் என்பதால் கற்பனைக்குக் கடிவாளமே இல்லை.

அப்புறம் இன்னொன்று. கீனுக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 1984-இல் சாகும்வரை மனநல மருத்துவமனையில்தான் இருந்தான். இதைப் பிடித்துக்கொண்டு 'இந்த மாதிரி ஆளுங்களை வெளியவே விடக்கூடாது' என்று எழுதியிருந்தார் ஓர் அண்ணன். அண்ணே, நீங்கள் இருப்பது அயனாவரம். 1794-இல் ஆரம்பித்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் புறநோயாளிப் பிரிவில் போய் நின்று பாருங்கள். மகனுக்கு மாத்திரை வாங்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அம்மா, தம்பியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் அக்கா, இவர்கள்தான் இருப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. தெருவில் அடிவாங்குவதுதான் அதிகம். அவர்கள் வீட்டிலும் நெட்ஃபிளிக்ஸ் இருக்கிறது, உங்கள் பதிவு அவர்கள் கண்ணிலும் படும்.

தொடரைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடித்தவர்கள் பாருங்கள், நடிப்பைப் பாராட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டேன் என்று சொல்பவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் கிண்டல் செய்யாதீர்கள். அப்புறம் வொர்டன் அம்மாவைப் பற்றித் தப்பாகக் கமென்ட் போட்ட தம்பிகள் தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை.