ஜெஃப்ரி பாவாவும் நம்மூர்த் தூண்களும்

இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன என்று காரைக்குடிப் பக்கம் யாரிடம் சொன்னாலும் முகத்தில் ஒரு பெருமை வருகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் இடிபடும் வீடுகளின் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு தூண் கடல் கடந்ததைக் கொண்டாடுவது எப்படி? பாவாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தூணை அல்ல, முற்றத்தை என்பதே என் எண்ணம்.

1919இல் பிறந்த பாவா முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கா என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தம் விருப்பப்படி மாற்ற முனைந்தபோதுதான் கட்டடத் தொழில் அறிவு போதவில்லை என்று உணர்ந்து லண்டனுக்குப் படிக்கப் போனார். கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்ற 1957இல் அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வெள்ளைச் சுவரும் நேர்கோடுமாகக் கற்று வந்த நவீனம் கொழும்பின் மழைக்கும் பாசிக்கும் தாங்காது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

அதற்கு அவர் சொன்ன பதில்தான், துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பத்திக்’ கலையில் பெயர்பெற்ற ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. நகரத்து மனையில், சுற்றுமதிலுக்குள், நடுவே பெரிய முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும். நம் வளவை, அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றம் சூழ்ந்த பகுதியை, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லைதான், ஆனால் சுற்றிலும் தோட்டம் விட்டு நடுவில் பங்களா கட்டுவதே மரியாதை என்றிருந்த காலத்தில், காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள்ளிருந்தே வரட்டும் என்று ஒரு நவீனக் கலைஞர் துணிந்தது சாதாரணக் காரியமில்லை. கூரையிலும் அவர் பழமையை அப்படியே வழிபடவில்லை. நம்மூரில் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போர்த்துவோம். குரங்கு ஓடினால் ஓடு நகரும், ஒழுகும், ஓடு பிரித்து வேய ஆள் தேடி அலைய வேண்டும். பாவாவோ நெளிவுள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகட்டை அடியில் போட்டு, அதன் மேல் அரைவட்ட ஓடுகளைப் பதித்தார். மழையைத் தகடு தடுத்தது, வெயிலை ஓடு தாங்கியது. (ஆஸ்பெஸ்டாஸின் கேடு இன்று தெரிந்த கதை, நான் மெச்சுவது யோசனையை மட்டும்.)

கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றமும், தம்புள்ளைக்கு அருகே பாறையை ஒட்டிய கண்டலம விடுதியும் பெரிய பெயர் வாங்கித் தந்தன. மதுரைக் கோச்சடையில் ஆலை அதிகாரிகளுக்காக அவர் வடிவமைத்த மன்றக் (கிளப்) கட்டடம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான். போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

ஈனா டி சில்வாவின் வீடு நின்ற மனை கைமாறியபோது, அதைக் கல்லும் ஓடும் கதவுமாக அடையாளமிட்டுப் பிரித்து, லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். நூற்றாண்டு கூட நிறையாத வீட்டுக்கு அந்த மரியாதை கிடைத்தது.

இங்கே புது வீடு கட்டுகிறவர்கள் முகப்பில் இரண்டு பழைய தூணும் தரையில் ஆத்தங்குடிக் கல்லும் பதித்துவிட்டு, நடுவில் வானம் தெரிய வேண்டிய இடத்தைக் கான்கிரீட்டால் மூடி, அடியில் குளிர்சாதனம் மாட்டுகிறார்கள். பத்தடிக்குப் பத்தடி திறந்து விட்டாலே சித்திரை வெயிலில் வித்தியாசம் தெரியும். காருக்கு அதைவிடப் பெரிய இடத்தைத் தயங்காமல் ஒதுக்குகிறவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன்.