கூலிப் பாக்கியும் அசனமும்

தர்மத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை, 'தர்மம் பாவத்தைக் கழுவும்' என்ற விவிலிய வசனத்தை (சீராக் 3:30) காட்டி முடித்துவிட்டீர்கள். வசனம் சரிதான், ஆனால் இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிவசூல்காரர் சக்கேயு சொன்னதில் பாதியைத்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றதோடு அவர் நிற்கவில்லை, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார் (லூக்கா 19:8). முன்னது தர்மம், பின்னது கடன். என் அப்பா கொத்தனார். அவருக்கும் மூன்று சித்தாள்களுக்கும் கூலிப் பாக்கி வைத்த ஒருவர், அதே வருடம் அந்தோணியார் கோவில் அசனத்துக்கு, அதாவது எல்லோருக்கும் போடும் பொதுச் சாப்பாட்டுக்கு, அரிசியை மூட்டை மூட்டையாக இறக்கினார். பந்தியில் அப்பா அந்தச் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாக்கியைப் பென்சிலால் குறித்துவைத்த சிட்டை நோட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதாதா என்று உங்கள் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் அதனால் விளைந்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுப்பது போல முடிந்ததைச் செய்தாக வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 1459-ஆம் எண்ணில் சொல்கிறது. அசனத்துக்கு ஒரு மூட்டை குறைத்திருந்தாலே நாலு வீட்டுக் கணக்கும் தீர்ந்திருக்கும். அப்பா இருந்தவரை அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வரவேயில்லை.